ஆறு மில்லிமீட்டர்

ஈரத்துணியால் டயரின் பக்கவாட்டைத் துடைத்து, அங்கே பதிந்திருக்கும் பொடி எண்களைச் சுதாராணி வாய்விட்டுப் படிக்கிறார். "அஞ்சு, எட்டு, நாலு." பிறகு அதே எண்ணை ரிம்மில் தேடுகிறார். துருவில் அழிந்திருந்தால் அளவு டேப்பை எடுக்கிறார். "இருபத்தாறுன்னு பெருசாப் போட்டிருக்குதுங்களே, மாட்டிவிடுங்க" என்று யாராவது அவசரப்படுத்தினால், "இருபத்தாறுலயே நொம்ப இருபத்தாறு இருக்குதுங்க" என்பார்.

ஏற்காட்டில் தகரக் கூரை போட்ட சைக்கிள் கடை அவருடையது. கொண்டையில் எப்போதும் ஒரு ஸ்போக் கம்பி செருகியிருக்கும். காற்றடிக்கும்போது மட்டும் யாரோடும் பேசமாட்டார்.

நான்கு வருடங்களுக்கு முன்பு இவ்வளவு நிதானம் இல்லை. கொட்டச்சேடு எஸ்டேட்டில் வேலை செய்த ஐயாக்கண்ணுவின் பழைய சைக்கிளுக்குப் புது டயர் மாட்டினார். டயரும் ரிம்மும் இருபத்தாறு அங்குலம்தான். கொஞ்சம் தளர்வாக இருந்தது. காற்றடித்தால் பிடித்துக்கொள்ளும் என்று நினைத்தார். இறக்கத்தில் டயர் கழன்று, ஐயாக்கண்ணு கல்லின்மேல் விழுந்தார். வலது முழங்கால் அதன்பின் மடங்கவே இல்லை.

கழன்ற டயரையும் அந்த ரிம்மையும் எடுத்துக்கொண்டு சேலத்துக்கு பஸ் ஏறினார் சுதாராணி. அங்கே டயர் மொத்த வியாபாரி ராஜேந்திரன்தான் விளக்கினார். "ஒவ்வொரு நாட்டுக்காரனும் அவனவன் கணக்குல இருபத்தாறுன்னு பேரு வெச்சுட்டானுங்க. டயரு கப்பலேறி நாடு நாடாப் போனப்ப, ஒருத்தன் டயரு இன்னொருத்தன் ரிம்முல உக்காரல. அப்பறந்தான் டயரு உக்கார்ற எடத்தோட குறுக்களவ மில்லிமீட்டர்ல போடோணும்னு பொதுவா வெச்சாங்க. இந்த டயரு ஐநூத்தித் தொண்ணூறு. அவரு ரிம்மு ஐநூத்தி எம்பத்தி நாலு."

ஆறு மில்லிமீட்டர். திரும்பியதும் நேராக ஐயாக்கண்ணுவின் வீட்டுக்குப் போனார். "என்ற தப்புங்கண்ணா. எண்ணப் பாக்காம மாட்டிட்டனுங்க." அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

போன ஆனியில் ஐயாக்கண்ணு ஊன்றுகோலோடு கடைக்கு வந்தார். மகள் பானு அதே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவளுக்கு ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்திருந்தது.

"டயரு மாத்தோணும் அம்மிணி."

சுதாராணி மூன்று முறை அளந்தார். மாட்டி முடித்ததும் டயரைச் சுற்றிலும் அழுத்திப் பார்த்தார். "மொதல்ல நான் ஓட்டிப் பாத்துட்டுத் தாரனுங்கண்ணா."

"வேண்டாம்" என்றார் ஐயாக்கண்ணு. "ஏறு கண்ணு, ஊட்டுக்குப் போலாம்." மகள் ஏறியதும், மடங்காத காலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு அவரே பின்னால் உட்கார்ந்தார்.

சைக்கிள் நகர்ந்தது. கேரியரைப் பிடித்தபடி சுதாராணி கூடவே ஓடினார். இறக்கம் தொடங்கும் இடத்தில் கையை எடுத்தார்.