முன் சீட்டில் நாலு அங்குலம்

1971 மே 14, வெள்ளிக்கிழமை, மாலை நான்கு பத்து. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. திருச்சுழியில் புழுதிக் காற்று கண்ணைத் திறக்க விடவில்லை. என் தங்கையைப் பெண் பார்த்து, பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் கிளம்பினார்கள். அதற்கு முன் ஆறு வரன்கள் தட்டிப்போயிருந்தன. விருதுநகரில் ஐந்து மணிக்கு அவர்களுக்கு ரயில். ஐம்பது நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது என் பொறுப்பு.

கார், அருப்புக்கோட்டை நூல் வியாபாரி ஒருவரிடம் இரவல் வாங்கியது. அவர் ஆறடி, நான் ஐந்தடி இரண்டு அங்குலம். வேகமாக ஓட்டப் போகிறவன் முதலில் சீட்டைச் சரிசெய்ய வேண்டும். பிரேக்கை அடிவரை மிதித்த பிறகும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும், முதுகு சீட்டை விட்டு எழக் கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் காரில் முன் சீட்டு பெஞ்சு போல ஒரே துண்டு. நான் நகர்ந்தால் பக்கத்தில் இருப்பவரும் நகர வேண்டும். பக்கத்தில் மாப்பிள்ளையின் அப்பா காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்.

“மாமா, சீட்ட நாலு அங்குலம் முன்னாடி இழுத்துக்கிடவா? பிரேக்கு எட்ட மாட்டேங்குது.”

“எனக்கு முட்டி மடங்காது தம்பி. ஒரு தலகாணிய முதுகுக்கு வச்சுக்கங்க.”

“நீங்க பின்னாடி எங்கூட வந்து உக்காருங்களேன்” என்றார் அவர் மனைவி.

“பொம்பள கூடப் பின்னாடி உக்காந்து போனா எவன் மதிப்பான்? ஆம்பளைக்கு முன்சீட்டுதேன்.”

தலையணையை வைத்துக்கொண்டு புறப்பட்டேன். அருப்புக்கோட்டையில் இன்னொரு முறை கேட்டேன். “ரயிலுக்கு நேரமாச்சு, நீங்க ரோட்டப் பாருங்க” என்றார். மறுபடியும் கேட்டால் சம்பந்தம் கசந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

பாலவனத்தம் தாண்டி ஒரு வளைவில் ஆட்டு மந்தை சாலையை அடைத்து வந்தது. பிரேக்கை மிதித்தேன். தலையணை அமுங்கி உடம்பு பின்னால் போனது; நுனிக்கால்தான் பிரேக்கில் இருந்தது. வேகம் குறைந்ததே தவிர வண்டி நிற்கவில்லை. இடப்பக்கம் ஒடித்ததில் பாலத்துச் சுவரில் மோதியது. அவர் நீட்டி வைத்திருந்த கால் முட்டிக்குக் கீழே ஒடிந்தது.

“பிரேக்குப் போடத் தெரியாத பய, நீயெல்லாம் எதுக்குலே காரெடுத்த?”

“அந்தத் தம்பி ரெண்டு வாட்டி சொல்லுச்சா இல்லையா?” என்று அவர் மனைவி கேட்டார்.

“நீ வாய மூடு.”

எட்டாம் நாள் தரகர் வந்தார். “பாத்துட்டுப் பொறப்பட்ட அன்னைக்கே காலு போச்சாம். பொண்ணுக்கு ராசி இல்லைங்கிறாக” என்றார். அந்தப் பேச்சு இரண்டு ஊரிலும் பரவியது. சீட்டு பற்றி யாரும் கேட்கவில்லை. அதன் பிறகு ஒரு வரனும் வாசலுக்கு வரவில்லை. முப்பத்தைந்தாவது வயதில், “இனிப் பாக்க வேணாம்ணே” என்று தங்கையே சொல்லிவிட்டாள். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

மரியாதை கெட்டுவிடும் என்று மூன்றாவது முறை கேட்காமல் விட்டது இன்றும் நெஞ்சை எரிக்கிறது. தங்கை இழந்ததைக் கணக்குப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. கார் ரிப்பேருக்கும் அவருடைய மதுரை ஆஸ்பத்திரிச் செலவுக்கும் கடன் வாங்கிக் கட்டியது, வட்டியோடு, இரண்டாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய்.