சர்க்கரை உள்ளவர்களும் குடிக்கலாம்

எங்கள் பக்கத்தில் யாராவது செத்துப்போனால் முதலில் தேடுவது வரதனைத்தான். பந்தல்காரன், பூக்காரன் எல்லாம் அதற்கப்புறம். என் ஆட்டோவின் கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கும். பின்சீட்டில் வரதன் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்காருவான், நான் ஓட்டுவேன். என் பெயர் பரசுராமன். பதினோரு வருடமாகக் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டிலிருந்து புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு வரைக்கும் இப்படித்தான் சுற்றுகிறோம். "அன்பார்ந்த பொதுமக்களே" என்று அவன் ஆரம்பித்தால் தண்ணீர் லாரிச் சண்டைகூட ஒரு நிமிடம் நிற்கும். கதையில்லை, கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் அவன் துறைமுகத்தில் ஒரு மேஸ்திரியிடம் இருந்தான். காலையில் கேட்டில் நிற்கிற கூலி ஆட்களில் அன்றைக்கு யார் யார் உள்ளே போகலாம் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் வேலை. மைக் கிடையாது. லாரி இரைச்சலுக்கு மேல் எழும்புகிற தொண்டை அங்கேதான் பழகியது. ஆள் எடுப்பது நின்றபோது அவன் வேலையும் போயிற்று. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நான்தான் அவனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டேன்.

சாவு அறிவிப்புக்கு அவன் கூலி வாங்க மாட்டான். பெட்ரோலுக்குக் கொடுத்தால் போதும். ஆனால் விசாரிக்காமல் வாயைத் திறக்க மாட்டான். அந்த வீட்டுக்கே போய் முழுப்பெயர், வயது, எடுக்கும் நேரம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு, எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டிவிட்டுத்தான் மைக்கைத் தொடுவான். வியாசர்பாடியில் வேறொரு மைக்செட்காரன் அப்பன் பெயருக்குப் பதில் பிள்ளை பெயரைப் படித்து, பிள்ளை லுங்கியோடு வாசலுக்கு வந்து தன் மாலையைத் தானே வாங்கிய கூத்தெல்லாம் நடந்திருக்கிறது. வரதனிடம் அது நடக்காது. "வரதன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பது எங்கள் பக்கத்தில் சத்தியம் மாதிரி.

போன நவம்பரில் ஹவுசிங் போர்டு பள்ளிக்கூடத்தில் இலவசச் சர்க்கரைப் பரிசோதனை முகாம் நடந்தது. அதற்கு நாங்கள்தான் அறிவிப்பு. முகாமில் கன்னியம்மாவுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்து மாத்திரை கொடுத்தார்கள். கன்னியம்மா இரண்டாவது மாடிக்காரி, காசிமேட்டில் இறால் உரிக்கிறவள். வரதனைத் தம்பி என்பாள். "உன் கொரலு கேட்டுத்தான் போனேன், இல்லேன்னா யாரு போயி ஊசி குத்திக்கினு வருவா" என்று அவனிடமே சொன்னாள். அன்று முழுக்க அவனுக்கு முகத்தில் சிரிப்பு.

டிசம்பர் பிறந்ததும் ராயபுரத்தில் ஒயின் கடை வைத்திருக்கும் அபின் கூப்பிட்டான். சாராயக் கடை என்று நினைத்துவிடாதீர்கள். மது கலக்காத திராட்சை ஒயின், கேக், பிஸ்கட் விற்கிற கடை. பாட்டில் என்னவோ நிஜ ஒயின் பாட்டில் போலவே இருக்கும். கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு அறிவிப்பு வேண்டும், ஒருமுறை பேசிப் பதிவு செய்து இரண்டு வாரம் சுற்றவிட வேண்டும் என்றான். ஒரு தாளும் கொடுத்தான். ரத்தம் ஊறும், இதயம் இரும்பாகும், தோல் பளபளக்கும், பெரியவர்களும் குழந்தைகளும் குடிக்கலாம் என்று அதில் இருந்தது. திராட்சைச் சாற்றுக்கு இவ்வளவு வேலையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அன்று காலையில்தான் முகாமின் இரண்டாவது சுற்றுக்கு அறிவித்துவிட்டு வந்திருந்தோம். வரதன் வாயில் சர்க்கரை சர்க்கரை என்றே ஓடிக்கொண்டிருந்தது. செல்போனில் பதிவு செய்கிறபோது தாளில் உள்ளதையெல்லாம் முடித்துவிட்டு, அதே மூச்சில், "சர்க்கரை உள்ளவர்களும் கவலையில்லாமல் குடிக்கலாம், பத்தே நாளில் சர்க்கரை கட்டுக்குள் வரும்" என்று சேர்த்துவிட்டான். தாளில் இல்லாத வரி. பேச்சு ஜோரில் வந்த வரி.

அபின் கைதட்டினான். "அந்தக் கடைசி வரிதாண்ணே சூப்பர். அத இன்னொரு வாட்டி அழுத்திச் சொல்லுங்க."

நானும்தான், "பின்னிட்ட மாமு" என்றேன். இந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் என் வாயை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. சாவு வீட்டில் நாலு தடவை விசாரிக்கிறவன், உயிரோடு இருக்கிறவர்கள் விஷயத்தில் ஒரு தடவைகூட யாரையும் கேட்கவில்லை. கேள் என்று நானும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் காலையும் மாலையும் அந்தக் குரல் சுற்றியது. அபின் கடையில் கூட்டம் தாங்கவில்லை. பண்டிகை முடிந்து பொங்கலுக்கு முன்னால் ஒரு காலை, கன்னியம்மாவின் மகள் சுஜா ஆட்டோ ஸ்டாண்டுக்கு வந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அம்மாக்கு ரெண்டு வெரல எட்துட்டாங்கண்ணா. கால்ல எறா முள்ளு குத்திக்கினு இருந்துது. ஆறவே இல்ல, கறுத்துப் போச்சு. இன்னாம்மா மாத்தர போடலியான்னு டாக்டரு கேட்டாரு. வரதன் சொல்ற ஒயின குடிக்கிறேன், மாத்தர எதுக்குன்னு மூணு வாரமா நிறுத்திட்டு கீது. டெய்லி ரெண்டு டம்ளர். அது முழுக்க சக்கரத் தண்ணியாமே?"

 அந்த ஆட்டோவிலேயே மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கன்னியம்மா கட்டுப் போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தாள். அவன் கட்டிலுக்கு அருகில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, அந்த வரி கடைக்காரன் எழுதினது இல்ல. நானா சேத்தேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாமத்தான் சொன்னேன்."

 "முகாமுக்கு வான்னு சொன்னது நீதான? அது நெசமா இருந்துது. அப்ப இதுவும் டாக்டருங்க சொல்லச் சொன்னதுன்னு நெனச்சிக்கினேன். வேற எவன் சொல்லி இருந்தாலும் சீண்டி இருக்க மாட்டேன், தம்பி" என்றாள். கோபமே இல்லை. பிறகு, "அழுவாத, பக்கத்து கட்டில்காரங்க பாக்கறாங்க" என்று அவனைத் தேற்றினாள். நான் வராந்தாவுக்கு வந்துவிட்டேன். அவள் தேற்றுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு யோக்கியதை இல்லை.

அங்கிருந்து நேராக அபின் கடைக்குப் போனோம். அவன் எங்களை உள்ளே கூப்பிட்டு, பத்திரமாக வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினான். "பாருங்கண்ணே, சர்க்கரைன்னு ஒரு வார்த்த இருக்கா? அது நீங்க சொன்னதுதான?" இதயம் இரும்பாகும் என்று எழுதினவன் இவன். அந்த வரியை அழுத்திச் சொல்லச் சொன்னவனும் இவன்தான். சட்டையைப் பிடிக்க எனக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் வரதன், "ஆமா, நான் சொன்னதுதான்" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் கெட்டால் நுணலோடு போயிற்று. இங்கே போனது இறால் உரிக்க நாளெல்லாம் நின்றாக வேண்டிய ஒருத்தியின் கால்விரல்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே என்னை எழுப்பினான். "வண்டிய எடு மாமு. எங்கெங்க அத போட்டமோ அங்கெல்லாம் போணும்." பதிவெல்லாம் வேண்டாம், நேராகவே பேசுகிறேன் என்றான். கொருக்குப்பேட்டையில் தொடங்கினோம்.

"அன்பார்ந்த பொதுமக்களே. திராட்ச ஒயின் குடிச்சா சர்க்கர கொறையும்னு நான் சொன்னது பொய். அத யாரும் எழுதித் தரல, நானே சொன்னேன். ஒருத்தங்களுக்கு ரெண்டு வெரல் போயிடுச்சி. மாத்தர நிறுத்தினவங்க தயவு பண்ணி இன்னிக்கே டாக்டர பாருங்க." குரல் உடைந்து உடைந்து வந்தது. அவனை அப்படி நான் கேட்டதே இல்லை.

யாரும் நிற்கவில்லை. ஓட்டல் வாசலில் ஒருவர், "எதுத்த கடைக்காரன் துட்டு குட்து புடிச்சிட்டான் போலக்கீதே இவன" என்று சிரித்தார். இன்னொருவர், "ஒயின்ல கலப்படமாம்பா" என்று ஆரம்பித்து வேறு கதைக்குப் போய்விட்டார்.

ஹவுசிங் போர்டில் கன்னியம்மாவின் பிளாக்குக்குக் கீழேயே நிறுத்தி மறுபடி சொன்னான். மூன்றாவது மாடியில் நரைத்த தலையோடு ஒரு அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு உள்ளே போனாள். வெளியே வரும்போது அவள் கையில் அதே ஒயின் பாட்டில், பாதி காலி.

"இது பொய்யின்றியா?"

"பொய்தான் தாயி. கீழ ஊத்திடு. மாத்தர போடு."

"இன்னிக்கு இப்டி சொல்ல எவன் துட்டு குட்தான்?"

"யாரும் குடுக்கல தாயி. சத்தியமா."

அவள் கம்பியில் சாய்ந்து அவனையே பார்த்தாள். "நல்லாத்தான் பேசற நைனா. அன்னிக்கும் நல்லாத்தான் பேசின" என்றாள். பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

வரதன் மைக்கை என் மடியில் வைத்துவிட்டு இறங்கினான். மூன்று மாடியும் ஏறி அவள் கதவைத் தட்டினான். தட்டுகிற சத்தம் கீழே எனக்குக் கேட்டது. அவள் திறக்கவில்லை.