கர்ஃப்யூ குழம்பு

மங்கையர்க்கரசிக்குக் கீவேர்ட் பைத்தியம் பிடித்து ஒரு வருஷமாகிறது. எந்தச் சமையலை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று இன்டர்நெட்டில் பார்க்காமல் அடுப்பைக்கூடப் பற்றவைப்பதில்லை. காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் அவளைக் கேலி செய்யாத ஆள் இல்லை. செய்யட்டுமே. அவளுடைய சமையல் தளத்தில் இப்போது திருவிழாக் கூட்டம்.

ஆனால் அவள் கடை விரித்தது கூட்டத்துக்காக அல்ல, ஒரே ஒருத்திக்காக. மகள் மஹதி, லாலாகுடா ரயில்வே காலனி டேனியலைக் கல்யாணம் செய்துகொண்ட அன்று, "இனி இந்தப் படியை மிதிக்காதே" என்றார் ரகுநாதன். அப்பாவின் பிடிவாதம் மகளுக்கு வராமல் போகுமா? மிதிக்கவில்லை, போனும் இல்லை. எங்கேயாவது ஒரு அடுப்படியில் நின்று, அம்மா இதை எப்படிச் செய்வாள் என்று தேடமாட்டாளா என்ற நப்பாசைதான் அந்தத் தளம்.

அதில் முதலில் எழுதியது கர்ஃப்யூ குழம்பு. ஊரில் கர்ஃப்யூ போட்டுக் காய்கறி கிடைக்காத வாரத்தில், அப்பளத்தைப் பொரித்துப் போட்டு வைத்தது. பெயர் வைத்தவள் சின்ன மஹதி. அதற்கப்புறம் கூடை நிறையக் காய் வந்தாலும், "நக்கோ மா, காயெல்லாம் வேண்டாம், கர்ஃப்யூ குழம்பு வை" என்பாள்.

அந்தப் பெயரை ஒருவரும் தேடவில்லை என்றது கீவேர்ட் கணக்கு. கூட்டம் கண்ட ஆசையில் அரசி அதைச் 'சுலபமான அப்பளக் குழம்பு' ஆக்கினாள். கர்ஃப்யூ கதையையும் வெட்டி எறிந்தாள். பார்க்க வந்தவர்கள் மூன்று மடங்கானார்கள்.

இன்று காலை, தளத்தின் தேடல் பெட்டியில் வந்தவர்கள் தட்டிய சொற்களைப் பார்த்தவள் திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். கர்ஃப்யூ குழம்பு. கீழே மறுபடியும், கர்ஃப்யூ குழம்பு. இரண்டுக்கும் பக்கத்தில், 'முடிவு எதுவும் இல்லை.'

வந்திருக்கிறாள். வாசல்வரை வந்து, ஆளில்லை என்று திரும்பிப் போயிருக்கிறாள். பாவி, நானே கதவைச் சாத்திவிட்டேனே என்று வாய்விட்டு அழுதாள் அரசி.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பழைய பெயரையும் கதையையும் திரும்ப எழுதினாள். இன்னொரு தரம் வருவாளா? பின்னால் ரகுநாதன் வந்து நின்றார். மகள் பேச்செடுத்தாலே எழுந்து போகிற மனிதர், நின்றபடியே கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"அளவு தப்பா இருக்கே, அரசி."

"எதுங்க?"

"ரெண்டு பேருக்குன்னு போட்டிருக்கே." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாலு பேருக்குன்னு போடு."