பன்னிரண்டு மணிப் பால்

ஒரு நிமிடம் முன்னால் கிளம்பிய பேருந்தைக்கூட மன்னிக்காத மனிதருக்கு, பிள்ளைகள் ஏழு வாரம் முன்னால் வந்து சேர்ந்தார்கள். அதுவும் ஒன்றுக்கு இரண்டாக. பேருந்துப் பணிமனையில் பத்தொன்பது வருடமாக டைம்கீப்பர் அவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், அதை யார் ஓட்ட வேண்டும் என்பதெல்லாம் அவர் மேசையைத் தாண்டித்தான் போகும். விஷயம் காதில் விழுந்ததும் ஓட்டுநர்கள் விடுவார்களா? "என்ன டைம்கீப்பரே, உங்க வீட்டு வண்டிக்கு மட்டும் தனி டைமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார். அப்புறம் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார் என்பது அவர்களுக்குத் தெரியாது.

முதலில் வந்தது பெண், ஆயிரத்து அறுநூற்று நாற்பது கிராம். நான்கு நிமிடம் கழித்துப் பையன், ஆயிரத்து முந்நூற்றுப் பத்து. அந்த நான்கு நிமிடத்திலேயே பெரியவள், சின்னவன் என்று பட்டம் கட்டியாகிவிட்டது. இருவரையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பால் இறக்கினார்கள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, மேலங்கி மாட்டிக்கொண்டு, பெட்டியின் பக்கவாட்டுத் துளைக்குள் கையை விட்டால் பிள்ளையைத் தொடலாம். முதல் நாள் சின்னவனின் விரல்கள் அப்பாவின் சுண்டுவிரல் நகத்தைப் பிடித்தன. நகத்துக்கு மேலே அந்தக் கைக்கு எட்டவில்லை.

இரண்டாவது வாரம் மூத்த நர்ஸ் அவரைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். நாற்காலியில் சாய்ந்து, பிள்ளையை வெறும் நெஞ்சில் போட்டுக்கொண்டு, அசையாமல் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். பிள்ளைக்கு அந்தச் சூடு வேண்டும். சின்னவன் நெஞ்சிலிருந்து வழுக்கி, நேராக வந்து தொப்பையில் தங்கிக்கொண்டான். "இத்தனை வருஷத்துல அது ஒரு வேலைக்காவது ஆச்சே" என்றாள் மனைவி. பிரசவத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

அவள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். கோழி கிறுக்கின மாதிரி இருக்கும் டாக்டர் கையெழுத்தைக்கூட ஒரு பார்வையில் படித்துவிடுவாள். சீட்டில் எழுதியிருந்தால் கொடுப்பாள், எழுதவில்லை என்றால் தலைகீழாக நின்றாலும் கொடுக்க மாட்டாள். மருத்துவமனையில் பிள்ளைகளின் பெட்டிக்கு மேல் தொங்கிய தாளைத் தினமும் வரி விடாமல் படித்தாள். பால் இத்தனை மில்லி, எடை இத்தனை கிராம், மூத்திரம் இத்தனை தடவை. பிள்ளையைப் பார்ப்பதைவிடத் தாளைப் பார்த்தால்தான் அவளுக்கு மூச்சே வந்தது.

முப்பத்தாறாம் நாள் இருவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பெரியவள் இரண்டேகால் கிலோ, சின்னவன் ஆயிரத்து எண்ணூற்றைம்பது. மூத்த நர்ஸ் வாசல் வரை வந்து ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: "மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுப்பிக் குடுக்கணும். இந்த மாதிரிப் பிள்ளைங்க பசிச்சா அழாது, தூங்கிடும். சமத்தாத் தூங்குதேன்னு விட்டுடாதீங்க."

"பசிச்சா அழாத பிள்ளையும் உலகத்துல உண்டா?" என்று கேட்டார் டைம்கீப்பரின் அக்கா. அவர் ஒரு பள்ளி விடுதியின் சமையலறையை நடத்துகிறவர். ஒரு மாதம் விடுப்புப் போட்டுவிட்டு, தம்பி வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டார். நல்ல மனுஷி, வாய்தான் ஓயாது. அதைவிட ஓயாதது கை. எங்கே ஒரு பாத்திரம் கிடந்தாலும் அடுத்த நிமிடம் அது கழுவிக் கவிழ்த்திருக்கும். குடித்துக்கொண்டிருக்கும் டம்ளரைக் கீழே வைக்கவே அந்த வீட்டில் பயப்பட வேண்டியிருந்தது.

டைம்கீப்பர் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, அடிக்கோலை வைத்துக் கோடு போட்டார். நேரம், யார், எத்தனை மில்லி, ஈரத்துணி. அசல் பணிமனைத் தாள். பெரியவள் அம்மாவிடம் நேரடியாகக் குடித்தாள். சின்னவனுக்கு உறிஞ்சத் தெம்பில்லை. பீச்சி எடுத்த பாலைச் சின்ன டம்ளரில் ஊற்றி, வெந்நீர்க் கிண்ணத்துக்குள் வைத்துச் சூடாக்கி, கரண்டி கரண்டியாக ஊட்ட வேண்டும். முப்பத்தைந்து மில்லி இறங்க முக்கால் மணி நேரம். நாலு கரண்டிக்கு ஒரு தடவை தூங்குவான். உள்ளங்காலைச் சுரண்டினால் ஐயோ பாவம் என்று ஒரு கண்ணைத் திறப்பான். வேலை ஷிஃப்டுக்கு ஏற்றபடி காலை ஆறு, ஒன்பது, பன்னிரண்டு மணிப் பாலை அப்பா பார்த்துக்கொள்வது, மற்றதெல்லாம் அம்மா என்று பிரித்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் பணிமனை வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஓட்டுநர் வந்து கையெழுத்துப் போட்டுச் சாவியை எடுத்ததுமே, வண்டி கிளம்பியதாக டைம்கீப்பர் எழுதிவிடுவார். பன்னிரண்டு மணி வண்டி என்றால் பன்னிரண்டு. ஓட்டுநர் அதற்கப்புறம் தண்ணீர் குடிப்பார், கண்ணாடி துடைப்பார், யாரிடமாவது வம்பளப்பார். அதெல்லாம் தாளில் வராது. எல்லாப் பணிமனையிலும் அப்படித்தான், இதனால் ஒருநாளும் ஒரு குடியும் முழுகியதில்லை. கிளம்பாத வண்டி கண் முன்னால் நிற்கும், உள்ளே இருக்கிற ஜனம் கத்தும். யாருக்கும் தெரியாமல் போகாது.

வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள். மனைவி பெரியவளுக்குப் பால் கொடுத்துவிட்டு அவளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு கண்ணயர்ந்திருந்தாள். டைம்கீப்பர் சின்னவனின் பாலை எடுத்து வெந்நீரில் வைத்தார். நோட்டைத் திறந்தார். 12.00, சின்னவன், 35. பேனாவை மூடினார். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

அவர் இடத்தில் அன்று காலை உட்கார்ந்திருந்தவர் புதியவர். ஒரு வண்டி நடுவழியில் அச்சு முறிந்து நிற்கிறது, அறுபது பேர் வெயிலில், மாற்று வண்டிக்கு யாரை அனுப்புவது என்று தெரியவில்லை. அவருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. பிள்ளைகள் விழித்துக்கொள்ளக் கூடாதென்று டைம்கீப்பர் பின்படிக்கட்டுக்குப் போய்ப் பேசினார். இருபது நிமிடம் பேசினார். பேசிக்கொண்டே உள்ளே வந்து, பேசிக்கொண்டே சட்டை மாற்றி, "அக்கா, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஓடினார். சமையலறையில் டம்ளரில் பால் கிடந்தது. சூடு பண்ணிய பால் மிஞ்சினால் திரும்ப வைக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னதை அக்கா மறக்கவில்லை. பிள்ளை குடித்து மிஞ்சியது என்று நினைத்துக் கொட்டினார், கழுவினார், கவிழ்த்தார்.

இரண்டு மணிக்கு விழித்த மனைவி நேராக நோட்டைத்தான் பார்த்தாள். முப்பத்தைந்து. நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டாள். மூன்று மணிக்கு எழுப்பியபோது சின்னவன் பத்து மில்லி குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். உள்ளங்காலைச் சுரண்டிப் பார்த்தாள், ஒரு கண்கூடத் திறக்கவில்லை. போன தடவை வயிறு நிறையக் குடித்திருக்கிறான், கொஞ்சம் தூங்கட்டும் என்று விட்டாள். ஐந்தரைக்கு ஈரத்துணி மாற்றலாம் என்று போனால் துணி காய்ந்து கிடந்தது. கால் இரண்டும் சில்லென்று இருந்தன. தூக்கினால் கழுத்து ஒரு பக்கம், கை ஒரு பக்கம் தொங்கியது.

"அண்ணி! இவன் முழிக்க மாட்டேங்கறான் அண்ணி!"

பெரியவளையும் பீச்சி வைத்திருந்த பாலையும் டைம்கீப்பரின் அக்காவிடம் விட்டுவிட்டு, சின்னவனை மார்போடு சேர்த்துச் சேலைக்குள் சுற்றிக்கொண்டு, நோட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினாள்.

சேதி கேட்டு டைம்கீப்பர் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறே கால். சின்னவன் சூடு தரும் விளக்கின் கீழே, கையில் ஊசி, பழையபடி மூக்கில் குழாய். ரத்தத்தில் சர்க்கரை நாற்பதுக்குக் கீழே போய்விட்டது என்றார்கள். இளம் டாக்டர் ஒருத்தி அவசரமில்லாமல், ஆனால் நிற்காமல் பேசினாள். "மதியம் முப்பத்தஞ்சு மில்லி குடிச்ச பிள்ளை ஆறு மணி நேரத்துல இப்படிச் சாயக் கூடாது சார். உள்ள ஏதாவது கிருமி இருக்கும்னு நினைக்கிறோம். முதுகுல ஊசி போட்டு நீர் எடுத்துப் பாக்கணும். பத்து நாள் மருந்து ஏத்த வேண்டியிருக்கும். இதுல ஒரு கையெழுத்து."

அந்த முதுகில் எங்கே ஊசி போடுவது? மொத்த முதுகே அவர் உள்ளங்கை அளவுதான். இருந்தாலும் தாளை வாங்கினார், பேனாவைத் திறந்தார். தாளை நீட்டினால் கையெழுத்துப் போடுவது கைக்குப் பழகிய வேலை.

மூத்த நர்ஸ் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். "அம்மா எழுதினதுல மூணு பன்னிரண்டு, எட்டே முக்கால், ஆறு ஏழுன்னு இருக்கு. அப்பா எழுதினதெல்லாம் சரியா ஆறு, சரியா ஒம்போது, சரியா பன்னிரண்டு. உங்க கையில மட்டும் பிள்ளை மணியடிச்ச மாதிரிக் குடிக்குதே, எப்படி சார்?" என்று கேட்டார். குத்திக் காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

டைம்கீப்பரின் பேனா தாளில் முதல் எழுத்தோடு நின்றது. பன்னிரண்டு மணி. வெந்நீரில் டம்ளர். நோட்டு. போன். பின்படிக்கட்டு. அச்சு முறிந்த வண்டி. சட்டைப் பொத்தான். பேருந்து நிறுத்தம். அவர் திரும்பவும் முதலிலிருந்து வந்து பார்த்தார். எந்த இடத்திலும் மடியில் சின்னவன் இல்லை.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று அவர் நினைக்கவில்லை என்றால் அது பொய். நினைத்தார். டாக்டர் எப்படியும் பார்த்துக்கொள்வார், மருந்து ஏற்றினால் நல்லதுதானே, மனைவி மட்டும் ஆயுசுக்கும் தன்னை அந்தக் கண்ணால் பார்க்காமல் இருந்தால் போதும். ஒரு மூச்சு நேரம் அந்த ஆசை இருந்தது. அப்புறம் விளக்கின் கீழே கிடந்த முதுகு கண்ணில் பட்டது.

"டாக்டர், அந்தப் பன்னிரண்டு மணிப் பால் நான் குடுக்கல."

"எழுதியிருக்கே சார்?"

"எழுதினேன். குடுக்கல."

மனைவி திரும்பிப் பார்த்தாள். டாக்டர் நோட்டை வாங்கி ஒரு தரம் பார்த்தாள். "அப்ப காலைல ஒம்போதுக்கு அப்புறம், மூணு மணிக்குப் பத்து மில்லி. அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். அவர் கையிலிருந்த தாளை வாங்கி மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தாள். "முதுகு ஊசி இப்ப வேண்டாம். ரத்தப் பரிசோதனை வரட்டும், சர்க்கரை ஏறட்டும். பிள்ளை முழிச்சுக் கை கால் ஆட்டினா இது வெறும் பசி. ஆட்டலன்னா திரும்ப உங்ககிட்ட வர்றேன்."

வெளியே பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் இருந்தது. வீட்டில் பெரியவளுக்குப் பால் நேரம் தாண்டியிருந்தது, இங்கே மனைவியின் ரவிக்கை நனைந்தது. துண்டை எடுத்து நெஞ்சில் அழுத்திக்கொண்டு, எதிர்ச்சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"எழுதியிருந்துதுங்க. அதனாலதான் மூணு மணிக்குப் பத்து மில்லியே போதும்னு விட்டேன்."

 

ஏழரை மணிக்கு உள்ளே ஒரு சத்தம் கேட்டது. பூனைக்குட்டி கதவிடுக்கில் மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம். நாற்பத்தைந்து நாளில் சின்னவன் பாலுக்காக ஒரு தடவைகூட அழுததில்லை என்பதால் இருவருக்கும் அது யாருடைய குரல் என்று முதலில் தெரியவில்லை. மூத்த நர்ஸ் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "உங்க பிள்ளைதான். பசிக்குதாம், வார்டையே ரெண்டாக்கறான். அம்மா வாங்க." அவள் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். இவர் பெஞ்சிலேயே உட்கார்ந்து, இந்தத் தடவை குழாய் எதையும் திறந்துவிடாமல் அழுதார்.

ரத்தத்தில் கிருமி இல்லை என்று மறுநாள் காலை சொன்னார்கள். கையிலிருந்த ஊசியை எடுத்தார்கள். மூன்று மணிப் பாலைக் கரண்டியில் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் நர்ஸ். டைம்கீப்பர் ஓரமாக நின்றார். மனைவி பாலைச் சூடாக்கினாள், சின்னவனைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள், கரண்டியைக் கொடுத்தாள். நோட்டையும் பக்கத்தில் வைத்தாள். பேனாவை மட்டும் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"முதல்ல குடிக்கட்டும்" என்றாள்.

நாலு கரண்டிக்குத் தூங்கினான். உள்ளங்காலைச் சுரண்டினார். ஒரு கண்ணைத் திறந்தான். சட்டைப்பையில் போன் அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. கடைசிக் கரண்டி உள்ளே போனதும் தோளில் போட்டு முதுகைத் தடவினார். ஏப்பம் வந்தது. அப்புறம்தான் அவள் பக்கம் கையை நீட்டினார்.

பேனா வந்தது. நேற்றைய 12.00 அதே பக்கத்தில்தான் இருந்தது. அதன்மேல் கோடு இழுக்கப் போனார்.

"அடிக்காதீங்க. அது அங்கயே இருக்கட்டும்."

விட்டுவிட்டார். கீழே வேறொரு வரியில், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதினார். 3.43, சின்னவன், 31. நாலு மில்லி துப்பிவிட்டான்.

அவள் நோட்டை வாங்கி அந்த வரியைப் படித்தாள். படித்துவிட்டுக் குனிந்து, சின்னவனின் வாயோரத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். விரலில் பால் ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் நோட்டை மூடினாள்.