கொட்டகை காட்டிப் பிழைத்த காலம்

பழைய கட்டடத்தைச் சுற்றிக்காட்டிப் பிழைக்கிறவனுக்கு வெட்கம் என்பது பஞ்சப்படி மாதிரி. சம்பளத்தோடு தவறாமல் வந்துவிடும். நீங்கள் கோயிலைக் காட்டியவராக இருக்கலாம், கோட்டையைக் காட்டியவராக இருக்கலாம், ஊரிலிருந்து வந்த மைத்துனருக்குக் கடைத்தெருவைக் காட்டியதோடு சரி என்பவராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் நான் பட்ட பாடு உங்களுக்குப் புரியும்.

எட்டு வயதில் மலாக்காவிலிருந்து மதராசுக்குப் படிக்கக் கப்பலேற்றப்பட்டவன் நான். தமிழும் இங்கிலீஷும் படித்தேன். அங்கேயே ஏதேதோ உத்தியோகம் பார்த்தேன். நாற்பத்தேழு வயதில், மெர்டேக்கா என்கிற மலாயா சுதந்திரத்துக்கு முந்திய வருடம், மலாக்கா தெங்கேராவில் இருந்த அக்கா வீட்டுக்கு ஒரு பெட்டியோடு திரும்பி வந்தேன். இரண்டு மொழி தெரியும், வேலை இல்லை என்ற என் இரண்டு தகுதிகளையும் பார்த்து, சுதந்திர விழாவுக்காக ஊரில் அமைத்திருந்த கமிட்டியார் காஜா பெராங் பகுதியில் இருந்த பழைய நாடகக் கொட்டகையை வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டும் வேலையைக் கொடுத்தார்கள்.

மலாய் பங்சாவான் நாடகமும் தமிழ் நாடகமும் மாறி மாறி நடந்த கொட்டகை அது. நான் வந்தபோது படம்தான் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி ஒரு சீனத் தவுக்கே. மேடையை உடைத்துவிட்டு அந்த இடத்திலும் நாற்காலி போட வேண்டும் என்பது அவர் ஆசை. விழா நாடகத்தை எந்த மண்டபத்தில் வைப்பது என்று பார்க்கக் கோலாலம்பூரிலிருந்து இரண்டு பேர் வருவார்கள்; அவர்களுக்கு இந்தக் கொட்டகை பிடித்துவிட்டால் மேடை பிழைக்கும், பிடிக்காவிட்டால் மறுவாரமே கோடாலி. அதுவரை நாலு பேரைக் கூட்டி வந்து காட்டி, இடத்துக்கு ஒரு பெயர் உண்டாக்க வேண்டியது என் பொறுப்பு.

எனக்குத் துணை இரண்டு பேர். ஒருவர் வாசல்காரர் முனியாண்டி. புக்கிட் ரம்பாய் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிவிட்டு டவுனுக்கு வந்தவர். மலாயை மறந்துபோயிருந்த எனக்கு அவர்தான் வாய். மற்றவர் லெட்சுமி பீபிக்; பீபிக் என்பது மூத்த பெண்மணிகளுக்கு அங்கே மரியாதைப் பெயர். பல தலைமுறையாக மலாக்காவில் வேரூன்றிய காஜா பெராங் செட்டி வீட்டுப் பெண்மணி. அறுபதை நெருங்கியும், மேடை ராணியாக நடித்தபோது இருந்த நிமிர்வு குறையாதவர். அவருடைய அப்பா, கணவர், தங்கை எல்லாரும் அதே மேடையில் நடித்து மறைந்தவர்கள். உடுப்பறைச் சாவி இன்னும் அவர் இடுப்பில்தான் இருந்தது. தவுக்கேயைப் பார்க்கும்போதெல்லாம், “மேடையை உடைச்சிட்டா எங்க ஆளுங்க எங்க வருவாங்க?” என்று மலாயில் கேட்பார்; முனியாண்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏதோ பழைய நாடகக் கம்பெனிக்காரர்களைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வரவேற்புரை

முதல் முதலாகக் காஜா பெராங் செட்டி மக்களையே அழைத்தேன். அவர்கள் கொட்டகை, அவர்கள்தானே முதலில் பார்க்க வேண்டும். நெற்றியில் திருநீறு, பெயர் கேட்டால் முத்து, மீனாட்சி, நாகம்மா. வேறென்ன வேண்டும்? மேடையேறி மதராசில் நான் சேர்த்து வைத்திருந்த செந்தமிழையெல்லாம் கொட்டினேன். “கலைத்தாயின் திருமடியில் தவழ்ந்த பெருமக்களே” என்றுதான் தொடங்கினேன் என்று நினைக்கிறேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

கூட்டத்தில் ஒருவர்கூட இருமவில்லை. பெண்கள் கைகூப்பி நின்றார்கள், ஆண்கள் தலை குனிந்திருந்தார்கள். இப்படி ஒரு சபை எனக்கு மதராசில் வாய்த்ததில்லை என்று உருகிப்போய் இன்னும் கொஞ்சம் நீட்டினேன். முடித்ததும் தலைப்பா கட்டிய பெரியவர் ஒருவர் பயபக்தியோடு முனியாண்டியிடம் மலாயில் ஏதோ கேட்டார். பீபிக் ஒருவர்தான் மேடைப் பழக்கத்தில் மலாய் பேசுகிறார் என்று நினைத்திருந்தேன்; வீட்டில் மலாய் பேசி, தமிழைக் கோயிலில் மட்டும் கேட்டு வளர்ந்த மக்கள் அவர்கள் என்பது எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. முனியாண்டி என் காதருகே வந்து சொன்னார்:

“பூசை ரொம்ப நல்லா இருந்துச்சாம் சார். தேங்கா எப்ப ஒடைப்பீங்கன்னு கேக்குறாரு.”

ராஜா நாற்காலி

மேடை ஓரத்தில் தங்க வர்ணம் உரிந்த சிம்மாசனம் ஒன்று கிடந்தது. அதன் சரித்திரத்தைச் சொல்வது பீபிக்கின் பங்கு. அவர் சொல்ல, முனியாண்டி தமிழாக்க, நான் இங்கிலீஷாக்க, சரித்திரம் மூன்று கை மாறி வரும். வெள்ளைக்காரத் துரைசானி வந்தால் அதில் ஒரு சுல்தான் உட்கார்ந்து நாடகம் பார்த்திருப்பார். சீனப் பள்ளி வாத்தியார்கள் வந்தால், பெரிய சீன பாபா வீட்டுக் கல்யாணத்துக்குக் கப்பலில் வந்த நாற்காலி ஆகிவிடும். தமிழர் வந்தால் தஞ்சாவூர்ப் பக்கம் ஏதோ ஒரு ராஜா. நானும் முகம் மாறாமல் எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். சரித்திரத்துக்குச் சம்பளம் வாங்குகிறவன் செய்கிற வேலையா அது?

உஜோங் பாசிர் போர்த்துகீசியக் குடியிருப்பிலிருந்து வந்த ஓர் ஆசிரியை இரண்டாம் முறையும் வந்துவிட்டார். இந்த முறை தன் தமிழ்த் தோழியையும் கூட்டி வந்திருந்தார். பீபிக் தோழியைப் பார்த்ததும் தஞ்சாவூரை எடுத்தார். ஆசிரியை என்னைப் பார்த்து, “போன தடவை இதில் ஒரு சுல்தான் இருந்தாரே?” என்றார் மெதுவாக. நான் தரையைப் பார்த்தேன். தரையில் பார்க்க ஒன்றுமில்லை. என்ன கேட்கிறார் என்று முனியாண்டி மூலம் தெரிந்துகொண்ட பீபிக், கொஞ்சமும் அசராமல் சொன்னார்:

“அது நாடக நாற்காலி. அதுல ஒரே ஆளா உட்காருவான்?”

மதராஸ்காரர்

மதராசிலிருந்து என் பழைய சிநேகிதர் ஒருவர் சிங்கப்பூருக்கு வந்தவர், மலாக்காவுக்கும் வந்தார். அவருக்குக் கொட்டகையைக் காட்டுவதில் எனக்கு இரட்டைப் பெருமை. பீபிக் அன்று நல்ல கெபாயாச் சட்டை உடுத்தி, பழைய நாடகப் பாட்டு ஒன்றைப் பாடிக் காட்டினார். மலாய்ப் பாட்டு, நடுநடுவே ஒரு தமிழ்ச் சொல் தலைகாட்டிப் போகும். வயதானாலும் குரல் கடைசி வரிசைக்கு எட்டியது. சிநேகிதர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “லெட்சுமின்னு பேரு, தமிழ் ஒரு வரி வராதா? என்னய்யா வெட்கக்கேடு” என்றார்.

என்ன சொல்கிறார் என்று பீபிக் என் முகத்தைப் பார்த்தார். அதற்குள் எனக்குக் கொஞ்சம் மலாய் திரும்பியிருந்தது. அந்த நேரத்தில் திரும்பாமலே இருந்திருக்கலாம். பாட்டு தேன் மாதிரி இருந்தது என்கிறார், மதராசில்கூட இப்படிக் குரல் கேட்டதில்லை என்கிறார், உங்கள் அப்பா கொடுத்து வைத்தவர் என்கிறார் என்று அடுக்கினேன். சிநேகிதர் பேசிய பேச்சுக்காகவா, இதே பேச்சை நானும் வந்த புதிதில் மனதுக்குள் பேசியதற்காகவா, எதற்கு என் நாக்கு அப்படி ஓடியது என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. பீபிக் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அவருக்குத் தெரிந்த ஒன்றிரண்டு தமிழ்ச் சொற்களில் ‘தம்பி’யும் ஒன்று; மற்றதை மலாயிலேயே கேட்டார்:

“அவர் பேசினது இத்துனூண்டு. மிச்சமெல்லாம் உன் வீட்டுலேர்ந்து கொண்டுவந்து போட்டியா தம்பி?”

பழக்காலத்து விருந்து

கடைசியில் கோலாலம்பூர்க்காரர்கள் வந்தார்கள். நாளைக்கு வருவதாகச் சொல்லியிருந்தவர்கள், ஒரு நாள் முந்தி, நான் அக்கா வீட்டில் நாளைய பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது காரோடு வாசலில் நின்றார்கள். தலைமை அதிகாரி ஒரு யாழ்ப்பாணத்துத் தமிழர்; கூட வந்தவர் சீன இன்ஜினியர். இருவரும் காலையிலிருந்து சாப்பிடாமல் வேறு இரண்டு மண்டபங்களைப் பார்த்துவிட்டு எரிச்சலோடு இருந்தார்கள். கொட்டகையில் முனியாண்டியைக் காணோம். முன்கதவை நானே தள்ளித் திறந்தேன். மேடைத் திரை இறங்கியிருந்தது. உள்ளிருந்து சாம்பிராணி மணத்தது. கயிற்றை இழுத்தேன்.

திரை மேலே போனது. மேடை முழுக்க வாழையிலை. மஞ்சள் சோறு, மீன் குழம்பு, கோழி, பலகாரம். குவியல் குவியலாக ரம்புத்தான், மங்குஸ்தான், பிளந்து வைத்த டுரியான். நடுவில் குத்துவிளக்கு எரிகிறது. நாளைக்கு விருந்தாளிகள் வருகிறார்கள், டீக்கு ஏதாவது ஏற்பாடு செய்யுங்கள் என்று தவுக்கேயின் கணக்கப்பிள்ளையிடம் சொல்லியிருந்தேன். டீயை விருந்தாக்கி, அதையும் ஒரு நாள் முந்தியே செய்துவிட்டார்களே என்று பூரித்துப்போனேன். “எங்கள் ஊர் வழக்கம், உட்காருங்கள்” என்று இங்கிலீஷில் சொன்னேன். எங்கள் ஊர் வழக்கமாம். பசித்தவர்கள் மறுபேச்சுப் பேசாமல் உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன், நல்ல பெரிய இலையாகப் பார்த்து. என் இலையோரம் ஒரு சுருட்டுகூட வைத்திருந்தார்கள்; அதை அதிகாரிக்கு நீட்டினேன். அவர் உபசாரத்தில் இதையும் மறக்கவில்லையே என்று வியந்து, சாப்பிட்டு முடித்ததும் குத்துவிளக்கில் குனிந்து பற்ற வைத்துக்கொண்டார்.

அப்போது பின்கதவை யாரோ மூன்று முறை தட்டினார்கள். நான் வாயில் மங்குஸ்தானோடு மலாயில் உரக்கச் சொன்னேன்: “வாங்க வாங்க, சாப்பாடு முடியப் போகுது.” வெளியே அப்படி ஓர் அமைதி. பிறகு கதவு மெல்லத் திறந்தது. பீபிக், அவர் வீட்டு ஆட்கள், பின்னால் முனியாண்டி. முனியாண்டிக்கு முகத்தில் ரத்தமே இல்லை. “சார், அது பார்ச்சு லா” என்றார் தமிழில், அதிகாரிக்குக் கேட்காதபடி என் காதோடு. “செத்தவங்களுக்குப் போட்ட இலை சார். வருசா வருசம் பழக்காலத்துல போடுவாங்க. போட்டுட்டு அவங்க சாப்புட்டு முடிக்கிற வரைக்கும் வெளிய நிக்கணும், அப்பறம் மூணு தடவ தட்டிட்டுத்தான் உள்ள வரணும். நீங்க குந்தியிருக்கறது அவங்க அப்பா எலை.”

மேடை ஏன் வேண்டும் என்று பீபிக் கேட்டுக்கொண்டிருந்ததெல்லாம் எனக்கு அந்த இலையின் முன்னால்தான் விளங்கியது. எழுந்திருக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. இது எதுவும் தெரியாத அதிகாரி புகையை விட்டுக்கொண்டே, எத்தனையோ மண்டபம் பார்த்தோம், வந்தவனை உட்கார வைத்து இலை போட்ட இடம் இது ஒன்றுதான், விழா இங்கேதான் என்றார் இங்கிலீஷில். பீபிக் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை ஒரு சொல் கூட்டாமல் மொழிபெயர்த்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். மங்குஸ்தான் கொட்டை தடுத்தது. பீபிக் காலியான இலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்பாவின் இலையைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார். பிறகு வீட்டாரிடம் திரும்பித் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“கை கழுவத் தண்ணி கொண்டாங்க. செத்தவங்களா இருந்தாலும் சரி, கவர்மெண்டா இருந்தாலும் சரி, பசியோட வந்தவங்களைப் பாதியில எழுப்பக் கூடாது.”

பின்சந்து

மேடை பிழைத்தது. தவுக்கே கோடாலிக்காரர்களைத் திருப்பி அனுப்பினார். விழா நாடகத்தன்று மேடையில் பேசிய அதிகாரி, ‘மலாக்கா விருந்தோம்பலுக்கு உதாரணம்’ என்று என் பெயரைச் சொல்லி மாலை போட வைத்தார். முன்வரிசையில் பீபிக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். மேடை நிலைத்தது யாருடைய சாப்பாட்டால் என்று தெரிந்தவர்கள் அந்தச் சபையில் கொஞ்சம் பேர்தான். மாலை கழுத்தில் அரித்தது. விருந்துக்கு மறுநாளே பீபிக் மறுபடி சமைத்து, மறுபடி இலை போட்டிருந்தார் என்று முனியாண்டி சொல்லித் தெரியும். நான் ஒரு கூடை பழத்தோடு போய் உடுப்பறை வாசலில் நின்றேன். பீபிக் கூடையை வாங்கிக்கொண்டார். செத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்க எந்த மொழி என்று எனக்கும் தெரியவில்லை.

போகி வந்தது; செத்தவர்களுக்கு அவர்கள் இலை போடும் இன்னொரு நாள் அது. பீபிக் முனியாண்டி மூலம் என்னை வரச் சொல்லி அனுப்பினார். இந்த முறை நானே இலைகளைத் துடைத்து விரித்தேன். பீபிக் பரிமாறினார், சுருட்டை எடுத்து அப்பா இலையோரம் வைத்தார். திரையை இறக்கிவிட்டு எல்லாரும் பின்சந்துக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நின்றோம். உள்ளே ஏதோ பாத்திரம் அசைந்த மாதிரி இருந்தது, பூனையாக இருக்கும். என்னை அறியாமல் கதவுப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டேன். பீபிக் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“அவசரப்படாதே தம்பி. உனக்கும் ஒரு நாள் இங்கதான் இலை போடுவோம். அதுவரைக்கும் எங்களோட வெளிய நில்லு.”

ஆகவே, என்னைப்போல் பழைய இடங்களைக் காட்டிப் பிழைக்கும் நண்பர்களே, போன இடத்தில் இலை போட்டிருந்தால் உட்காருமுன் யாருக்கென்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்காமல் உட்கார்ந்ததில் எனக்கு மிஞ்சியது ஒரு மாலை, ஆறாத வெட்கம், காஜா பெராங்கில் முன்கூட்டியே பேசி வைத்த ஓர் இலை.