எட்டு வாத்தியார்களும் பதினாறு பெயர்களும்

மாணிக்கம் ஐயா காலமான செய்தி வந்தபோது நான் கடத்தூர் சலூனில் ஒரு கன்னம் மட்டும் மழித்த நிலையில் இருந்தேன். அப்படியே பஸ் ஏறிவிட்டேன். துக்க வீட்டுக்குள் துண்டால் தாடையை மூடிக்கொண்டு நுழைந்த என்னிடம், "பல்வலிங்களா?" என்று இரண்டு பேர் விசாரித்தார்கள்.

ஐயா தாலுகா ஆபீஸில் தேர்தல் பிரிவுக் குமாஸ்தாவாக இருந்தவர். நான் சொல்லும் தேர்தல் நடந்தபோது, எங்கள் மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்து சில வருடங்களே ஆகியிருந்தன. பத்தாவதைத் தாண்ட முடியாத நான், மாதா கோயில் பள்ளியில் எழுத்து வேலை பார்த்தேன். தேர்தலன்று வெளியூர் ஓட்டுச்சாவடி வேலைக்குப் போகும் எட்டு வாத்தியார்களுக்குத் தபால் ஓட்டு விண்ணப்பங்களை எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

ஐயா ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"ஏங்க, யாருங்க இந்த லூர்துசாமி? பட்டியல்லயே இல்லீங்களே?"

"நம்ம பெரியசாமி வாத்தியாருங்க. கோயில்ல லூர்துசாமி, வூட்டுல பெரியசாமி."

"அப்ப ஓட்டுப் போடப் போறது கோயிலுங்களா, வூடுங்களா?"

எட்டுமே அப்படித்தான். எல்லோருக்கும் ஞானஸ்நானப் பெயரை எழுதியிருந்தேன். ஓட்டர் பட்டியலில் இருந்ததோ வீட்டுப் பெயர். ஐயா திட்டவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு எட்டு வீடுகளுக்கும் போனார். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று எழுதி, வாத்தியாரிடமும் ஊர் மணியக்காரரிடமும் கையெழுத்து வாங்கிக் கோப்பில் சேர்த்தார்.

தேர்தலில் வித்தியாசம் ஐந்தே ஓட்டு. தோற்றவரின் ஏஜெண்ட் மேஜையைத் தட்டினார்: "எட்டும் கள்ள விண்ணப்பம்! எழுதுனவன் எவன்? அவன் மேல கேஸ் போடுங்க!"

கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். வீட்டில் கைக்குழந்தை, வேலை போனால் கஞ்சி இல்லை.

ஐயா கோப்பைப் பிரித்து எட்டுத் தாள்களையும் தேர்தல் அதிகாரி முன் வைத்தார். "எழுதுனது யாரா இருந்தா என்னங்க? சரிபார்த்தது நான். கேக்கறத என்னைக் கேளுங்க."

அதிகாரி ஒவ்வொன்றாகப் படித்தார். ஓட்டுகள் செல்லும் என்றார். நான் வாசல் படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். வெளியே வந்த ஐயா ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினார்.

"குடிங்க. இனிமே பட்டியலப் பாத்து எழுதுங்க, கோயிலப் பாத்து எழுதாதீங்க."

அதன்பின் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அடக்கம் முடிந்ததும் அவருடைய மகன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பா உங்களப் பத்திச் சொல்வாருங்க. இந்தத் தாலுகாவுலயே தப்பில்லாம எழுதற ஆளு நீங்கதான்னு."

துண்டை இழுத்து மறுபடி தாடையை மூடிக்கொண்டேன்.

எட்டையும் தப்பாக எழுதியவன் நான்தான் தம்பி, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வீட்டில்கூட என்னைக் காட்டிக் கொடுக்காத மனிதரே, நிம்மதியாகப் போய் வாருங்கள்.