பன்னிரண்டு குப்பூஸ்

நாசரைக் காட்டிக்கொடுத்தவன் நான்தான்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஒரு வரியை நான் யாரிடமும் சொன்னதில்லை. நாசரின் தகப்பனிடமாவது சொல்லியிருக்க வேண்டும். அவருடைய ஒட்டகங்களுக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் தீனி வைத்தேன். அவர் தட்டிலேயே கை போட்டுச் சாப்பிட்டேன். ஆனால் சொல்லவில்லை. இப்போது அவர் மண்ணுக்குள் போய்விட்டார். நீங்கள்தான் மிச்சம்... கேளுங்கள்.

ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பரமக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ஃபஹாஹீலில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி ஓடிவிட்டார். கடையில் ஒன்றும் மிச்சமில்லை. தெருவில் இருந்தவர்கள் வெளியே தலைகாட்ட அஞ்சினார்கள். நான் ரொட்டிக் கடை வரிசையில் நின்று, வீடு வீடாகக் குப்பூஸ் ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். பதிலுக்கு எனக்குச் சோறு கிடைத்தது.

நீலக் கேட் போட்ட வீட்டுக்கு நாள்தோறும் நான்கு குப்பூஸ். கதவிடுக்கில் ஒரு பெண்ணின் கை மட்டும் நீளும். அவள் முகத்தை நானும், என் முகத்தை அவளும் பார்த்ததில்லை. ஒருநாள் அந்தக் கை ஐந்து, ஐந்து, இரண்டு என்று விரல்களை விரித்துக் காட்டியது. அன்றிலிருந்து பன்னிரண்டு.

ஐந்தாம் நாள் தெருமுனையில் ஒரு சிப்பாய் என் சைக்கிளை நிறுத்தினான்.

“இத்தனை ரொட்டி எதுக்குடா? பதுக்கி விக்கிறியா?”

பதுக்கி விற்றவர்களை அவர்கள் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியும். “விக்கல... விக்கல... அந்த நீலக் கேட் வீட்டுக்கு. அங்க ஆளு நிறைய!” என்றேன். கையை நீட்டி வீட்டையும் காட்டினேன்!

அவன் சிரித்தான். தோளில் தட்டினான். ஒரு சிகரெட் கொடுத்தான். அதை நான் அங்கேயே நின்று புகைத்தேன்.

மறுநாள் காலை குப்பூஸோடு போனேன். நீலக் கேட் திறந்து கிடந்தது. உள்ளே யாருமில்லை. கழன்று விழுந்த ஒற்றைச் செருப்பு வாசலில் கிடந்தது. எங்கேயாவது கிளம்பிப் போயிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பன்னிரண்டு குப்பூஸையும் மூன்று நாள் வைத்திருந்து நானே தின்றேன். அடுத்த வாரம் ஊருக்குப் போகும் கூட்டத்தோடு பஸ் ஏறிவிட்டேன்.

தெரியாமல் சொன்னதுதானே என்கிறீர்களா? நானும் அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன். நாலு ரொட்டி வாங்கிய வீட்டில் பன்னிரண்டு என்றால் என்ன அர்த்தம் என்று இருபத்திரண்டு வயது ஆளுக்குத் தெரியாதா? கதவுக்குப் பின்னால் ஆண்கள் இருமுவதை நான் கேட்டதில்லையா? கேட்டேன்... கேட்டிருந்தேன்!

போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்துப் புது விசாவில் மறுபடி வந்தேன். கஃபீல், அதாவது விசா கொடுக்கும் முதலாளி, ஒரு முன்னாள் பட்டாளத்துக்காரர் என்றும், வஃப்ராவில் ஒட்டகப் பண்ணை வைத்திருக்கிறார் என்றும் ஏஜென்ட் சொன்னான். அவர்தான் அபு நாசர், அதாவது நாசரின் தகப்பன். கூடாரத்தில் பிறந்து ஒட்டகத்தோடு வளர்ந்தவர். தூரதேசத்து எல்லையில் ஒரு போர், சொந்தத் தெருவில் ஒரு போர் என்று இரண்டைப் பார்த்தவர். தொடையில் வாங்கிய குண்டால் ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பார். ஒற்றைக் காலில் நின்று, மடக்கிய முழங்காலில் கிண்ணத்தை வைத்து ஒட்டகத்தில் பால் பீச்சுவதை எனக்குக் கற்றுக்கொடுத்தார். அந்தக் காலோடு அவர் சிந்தாமல் பீச்சுவார். இரண்டு நல்ல கால்களை வைத்துக்கொண்டு நான் தினமும் கவிழ்ப்பேன். “முனி, ஒட்டகத்துக்கே உன்னைப் பாத்தா பாவமா இருக்கு” என்பார். முனியசாமி என்ற என் பெயர் அவர் வாயில் அவ்வளவுதான் நுழைந்தது.

ஆறாம் மாதம் பழைய கட்டில் ஒன்றை எடுத்துவர என்னை டவுன் வீட்டுக்கு அழைத்துப் போனார். வண்டி நீலக் கேட்டின் முன்னால் நின்றது.

கட்டிலைத் தூக்கி வரும்போது அந்தக் கதவிடுக்கை நான் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் அவரே சொன்னார். எட்டுப் போராளிகளை வீட்டில் ஒளித்து வைத்திருந்தாராம். ஒருநாள் விடிகாலையில் வீட்டைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். அவர் வெளியே போயிருந்ததால் தப்பினார். மனைவியை மட்டும் விட்டுவிட, அவள் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டாள். எட்டுப் பேரோடு அவருடைய ஒரே மகன் நாசரும் போனான். பத்தொன்பது வயது. உடல்கூடத் திரும்பவில்லை.

“என் பொண்டாட்டியோட தம்பிக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். முதநாள் சாயங்காலம் அவனைப் பிடிச்சு விசாரிச்சுட்டு விட்டுட்டாங்க. ஏன் விட்டாங்க? நீயே சொல்லு!” என்றார்.

நான் சொல்லவில்லை.

பிறகு அவர் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. “ஒரு ஹிந்திப் பையன் ரொட்டி கொண்டு வருவான். பாவம், என்ன ஆனானோ... அல்லா அவனை நல்லா வெச்சிருக்கணும்.” இந்தியர்களை அவர்கள் ஹிந்தி என்றுதான் சொல்வார்கள்.

அன்று மாலை ஊருக்குப் போன் செய்து என் மனைவியிடம் மட்டும் பட்டும் படாமல் கேட்டேன். முதலாளி ஒரு விஷயத்தைத் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார், உண்மை எனக்குத் தெரியும், சொல்லலாமா என்று. “அவுக கேட்டாகளா? கேக்காத எடத்துல நீங்க எதுக்குப் போயி வாயக் குடுக்குறீக? ரெண்டு புள்ளைகள வச்சிருக்கோம்” என்றாள். அவள்மேல் பழி போட மாட்டேன். அவளுக்கு முழுதும் தெரியாது. அவள் அப்படிச் சொல்ல வேண்டும் என்றுதானே அப்படிக் கேட்டேன்!

அந்த மைத்துனர் அபு சாலம். அவரோடு இந்த வீடு பேச்சு வார்த்தையை அறுத்துக்கொண்டது. உறவில் கல்யாணமோ சாவோ, அவர் வந்தால் இவர் எழுந்து போய்விடுவார். அபு நாசரின் மனைவி, கதவிடுக்கில் விரல் காட்டிய அந்த அம்மாள், கூடப்பிறந்த தம்பியை ஒருமுறைகூடப் பார்க்காமல் கண்ணை மூடினாள். அடக்கத்தின்போது அபு சாலம் மையவாடிச் சுவருக்கு வெளியே நின்றார். நான் பார்த்தேன்.

அதற்கு அடுத்த பெருநாளில் அவர் பண்ணைக்கே வந்துவிட்டார். பெரியவர்கள் இருவர் துணைக்கு வந்திருந்தார்கள். விருந்தாளிகளுக்குக் காபி ஊற்றுவது என் வேலை. இடது கையில் கூஜா, வலது கையில் கிண்ணம். அபு சாலம் கிண்ணத்தை வாங்கினார். குடிக்காமல் முன்னால் தரையில் வைத்தார்.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கேட்க வந்ததைக் கொடுக்கும்வரை விருந்தாளி காபியைத் தொட மாட்டான். வீட்டுக்காரன் “குடி” என்று சொன்னால் கேட்டது கிடைத்ததாகப் பொருள். குடிக்காத காபி திரும்பிப் போவது வீட்டுக்கே அவமானம்.

“நான் சொல்லல. குரானைத் தொட்டுச் சொல்றேன். என்னை நம்புங்க, அது போதும்” என்றார் அபு சாலம்.

கிண்ணத்தில் ஆவி அடங்கியது. அறையில் உண்மை தெரிந்த ஒரே ஆள் நான். கூஜாவைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். ஒரு சொல்... ஒரே ஒரு சொல் போதும்! முப்பது வயதில் பயந்தேன் என்றால் சரி. அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தேன். விசா போய்விடும் என்றா பயந்தேன்? இல்லை. அந்தக் கிழவர் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடும் என்று பயந்தேன். தகப்பன் இல்லாமல் வளர்ந்தவன் நான். அந்தப் பார்வையை இழக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்காக இன்னொருவரின் மானத்தை விலையாக வைத்தேன்.

அபு நாசர் என் பக்கம் திரும்பினார். “எடுத்துட்டுப் போ” என்றார்.

நிறைந்த கிண்ணத்தை எடுத்துப் போய் வெளியே மணலில் கொட்டியவன் நான்தான்.

எண்பத்து நான்கு வயதில் அவர் ஆஸ்பத்திரியில் படுத்தார். அருகில் நான் இருந்தேன். இந்த முறை சொல்லிவிடுவது என்று உறுதியாகப் போயிருந்தேன். “யா அம்மி...” என்று எப்போதும்போல உறவு சொல்லி அழைத்துத் தொடங்கினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “என் உப்பைத் தின்னவங்கள்ல துரோகம் பண்ணாதவன் நீ ஒருத்தன்தான், முனி.” நான் தலையணையைச் சரிசெய்தேன். அவ்வளவுதான் செய்தேன்!

துக்கம் விசாரிக்க அபு சாலம் வந்தார். தடியூன்றி, மெதுவாக. யாரும் தடுக்கவில்லை. நான் காபி ஊற்றிக் கொடுத்தேன். அவர் கிண்ணத்தைச் சற்று நேரம் பார்த்தார்; பிறகு ஒரே மூச்சில் குடித்தார். கேட்க ஆளில்லாத வீட்டில் கீழே வைத்து என்ன பயன்? போதும் என்று கிண்ணத்தை ஆட்டிக் கொடுத்துவிட்டு, “அவரை நல்லாப் பாத்துக்கிட்டே. அல்லா உனக்குக் கூலி கொடுப்பான்” என்றார். நான் குனிந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன்.

பண்ணையை உறவுக்காரர்கள் விற்றுவிட்டார்கள். நான் இப்போது அப்பாசியாவில் ஊர்க்காரர்கள் அறையில் இருக்கிறேன். இன்னும் ஒன்பது நாளில் ஒரேயடியாக ஊருக்கு. அபு சாலம் வீடு இங்கிருந்து டாக்ஸியில் இருபது நிமிடம். இரண்டு முறை கிளம்பினேன். ஒருமுறை அவர் வாசல்வரை போய்த் திரும்பினேன். உயிரோடு இருக்கிறார், காது நன்றாகக் கேட்கிறது, என் அரபியும் அவருக்கு நன்றாகவே புரியும்.

ஆனாலும் உட்கார்ந்து இதை உங்களுக்கு எழுதுகிறேன், தமிழில்... அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாத தமிழில்.